முகத்துக்கு ஒரு வரப்பு!

தஞ்சாவூரில் எந்த ஃபேன்ஸி ஸ்டோருக்கு வேண்டுமானாலும் போங்கள். ‘‘மூஞ்சி வறவறன்னு இருக்குங்க... பிசுபிசுக்காம, லேசா ஒரு க்ரீம் குடுங்க’’ என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் உங்கள் தோலைப் பார்க்க மாட்டார்கள், கலரைப் பார்ப்பார்கள்! அடுத்த நிமிஷம், ‘ஒரே மாசத்தில் பளிச்’ ரக ட்யூப் ஒன்று கண்ணாடி மேஜை மேல் வந்து உட்காரும். நாம் கேட்டது ஈரம், வந்தது வெள்ளை!

பி.காம். படித்தவனுக்கு இது பொறுக்குமா? ஆர்டர் போட்ட சரக்கு வேறு, டெலிவரி ஆன சரக்கு வேறு என்றால் பில்லைத் திருப்பி அனுப்பத்தானே கற்றுக் கொடுத்தார்கள்! ஆனால் முகம் என்று வந்துவிட்டால், நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2020-ல் அந்தப் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. டப்பாவில் எழுத்து மாறியதே தவிர, ‘மணமகள் தேவை’ விளம்பரத்தில் ‘நல்ல நிறம்’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான், ஈரப்பசைக்கு என்று தனியாக ஒரு க்ரீம் உண்டு, அதற்கும் நிறத்துக்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதன் பெயர் மாய்ஸ்சரைசர். வாயில் நுழைய மறுத்தாலும் முகத்துக்கு வேண்டிய ஐட்டம்!

‘‘காவிரிக் கரையில எதுக்குடா ஈரம்?’’

இப்படிக் கேட்டவர் ஒரத்தநாடு பக்கம் விவசாயம் செய்யும் என் சித்தப்பா. ‘‘சட்டையப் புழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வருது. இதுல மூஞ்சிக்கு வேற ஈரமா?’’

நியாயமான கேள்விதான். ஆனால், வியர்வை என்பது தோலின் மேலே ஓடுகிற தண்ணீர். ஓடிவிட்டு உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். கசகசக்கிறதே என்று நாம் நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவுகிறோம். சோப்பு காரத்தன்மை உள்ளது. தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. அழுக்கோடு சேர்த்து, தோலுக்குச் சொந்தமான எண்ணெய்ப் பசையையும் சோப்பு வழித்துக்கொண்டு போய்விடுகிறது. மேலே வியர்வை, உள்ளே வறட்சி!

சித்தப்பாவுக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். தோலின் மேலடுக்கு ஒரு வயல். அங்கே நெருக்கமாக அடுக்கியிருக்கிற செல்களுக்கு நடுவில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. அதுதான் வரப்பு. அது உடைந்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிக் கசிந்துகொண்டே இருக்கும். அப்புறம் என்ன... வைகாசி வயல் மாதிரி வெடிப்புதான்!

மாய்ஸ்சரைசர் முகத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் முக்கிய வேலை வரப்பைச் சரி செய்வது. அதில் மூன்று வகைச் சரக்கு உண்டு.

முதலாவது, தண்ணீரை இழுத்துப் பிடித்து வைப்பது. கிளிசரின், ஹையலூரானிக் அமிலம், யூரியா எல்லாம் இந்த ஜாதி. (ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான்! ஆனால் மூட்டையைப் பிரித்து முகத்தில் தடவிவிடாதீர்கள். க்ரீமில் சேர்ப்பது சுத்திகரித்த சரக்கு, அளவும் வேறு.) கிளிசரினை 1779-ல் கண்டுபிடித்தவர் ஷீலே என்ற ஸ்வீடன் விஞ்ஞானி. ஹையலூரானிக் அமிலத்தை 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கு டப்பாவின் நெற்றியில் பெரிய எழுத்தில் பெருமையாகப் போடுவது இரண்டாவதை. ஆனால், பாட்டன் காலத்துக் கிளிசரின் இன்றும் சளைக்காமல் வேலை செய்கிறது. விலையும் மலிவு!

இரண்டாவது, செல்களுக்கு நடுவில் இருக்கிற சந்துகளை அடைப்பது. அண்டை வெட்டி வரப்பில் சேறு பூசுவார்களே, அந்த வேலை. செராமைடு, ஸ்குவாலேன் போன்றவை இதைச் செய்யும்.

மூன்றாவது, மேலே ஒரு மூடாக்கு. பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, டைமெதிகோன் ஆகியவை. 1872-ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்பரோ பேடன்ட் வாங்கிய வாஸலின்தான் இதில் பெரியண்ணன். ஈரம் வெளியே போகாமல் அடைப்பதில் கில்லாடி. ஆனால் முகத்தில் எண்ணெய் வழிகிறவர்கள் சித்திரை மாதத்தில் பூசினால், அப்பளமே பொரிக்கலாம்!

‘லேசான’ க்ரீம் என்றால் என்ன என்பது இப்போது புரிந்திருக்குமே? தண்ணீரும் முதல் வகைச் சரக்கும் கூடுதலாக, மூன்றாவது குறைவாக இருப்பது. ஜெல் ரொம்ப லேசு. அடுத்து லோஷன். அதற்கடுத்து க்ரீம். கடைசியில் களிம்பு.

உங்க தோல் என்ன மண்ணு?

மண்ணைப் பார்க்காமல் விதைக்கலாமா? இதற்கு லேபரட்டரிக்கெல்லாம் போக வேண்டாம். அதிகம் நுரைக்காத, மென்மையான ஃபேஸ் வாஷில் முகத்தைக் கழுவித் துடையுங்கள். எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். (மின்விசிறிக்கு நேரே உட்கார வேண்டாம்.) பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒற்றிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டுகிறதா? எண்ணெய்ப் பசைத் தோல். எங்கேயும் ஒட்டவில்லை, சிரித்தால் கன்னம் இழுக்கிறதா? வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய், கன்னத்தில் வறட்சியா? கலப்புத் தோல். நெற்றியும் மூக்கும் தலைமடை, கன்னம் கடைமடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! புதிதாக எதைப் பூசினாலும் எரிச்சலும் சிவப்புமா? அது உணர்ச்சி மிகுந்த தோல். இது மற்ற மூன்றோடும் சேர்ந்தே வரலாம்.

எண்ணெய்த் தோல்காரர்கள், ‘நமக்கு எதுக்கு க்ரீம்?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. முகம் பளபளத்தாலும் உள்ளே காயலாம். பருவுக்கு மருந்து போடுகிறவர்களுக்கு நிச்சயமாகக் காயும். ஜெல் அல்லது எண்ணெய் இல்லாத லோஷன் இவர்களுக்குச் சரி. அட்டையில் ‘நான் காமெடோஜெனிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். (காமெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துளைகளை அடைக்காது என்று அர்த்தம்.) பரு வருகிற முகத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். தலைக்கும் குழம்புக்கும் அதுவே ராஜா, மறுக்கவில்லை.

வறண்ட தோலுக்கு, கிளிசரினும் செராமைடும் சேர்ந்த க்ரீம். கலப்புத் தோலுக்கு முகம் முழுக்க லோஷன், கன்னத்தில் மட்டும் இன்னொரு கோட்டிங். உணர்ச்சி மிகுந்த தோலுக்கு வாசனையே சேர்க்காத க்ரீம். மல்லிகை மணம் கொண்டையில் இருக்கட்டும், க்ரீமில் வேண்டாம். எலுமிச்சம் பழத்தைத் தேய்க்கிற வைத்தியம் யாருக்குமே வேண்டாம். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப் போகக்கூடும்.

இன்னொன்று, டெல்டாவில் ஒரே டப்பா வருஷம் முழுக்க ஓடாது. நூறு டிகிரி வெயிலில் ஜெல் போதும். ஐப்பசி அடைமழையிலும் லேசானதே சுகம். மார்கழி, தை பனிக்காற்றில் அதே ஆளுக்குக் க்ரீம் தேவைப்படலாம். கும்பகோணம் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க ஏ.ஸி.யில் நின்று புடவை பிரித்துப் போடுகிற பெண்களுக்குச் சித்திரையும் மார்கழிதான்! ஏ.ஸி. காற்றில் ஈரம் குறைவு. அங்கே கிளிசரின் மட்டும் போதாது, மேலே கொஞ்சம் மூடாக்கும் வேண்டும்.

எப்போது பூசுவது? முகம் கழுவி, ஒற்றித் துடைத்த ஈரம் காய்வதற்குள். வயலில் தண்ணீர் இருக்கும்போதே அடைத்தால்தானே நிற்கும்! பகலில் அதற்கு மேலே எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். வெறும் மாய்ஸ்சரைசர் வெயிலைத் தடுக்காது. நடவுக்குப் போகிற அக்காக்கள் தலையில் துண்டைப் போட்டு முகத்தில் நிழல் விழச் செய்கிறார்களே, அதுவும் பக்கபலம்தான்.

பேலன்ஸ் ஷீட்டைப் படிங்க!

கம்பெனி விளம்பரத்தை நம்பி ஷேர் வாங்குவோமா? கணக்கைப் பார்ப்போம். டப்பாவுக்குக் கணக்கு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. 2020-ம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சேர்த்த பொருட்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்திப் போட வேண்டும். ஒரு சதவிகிதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின் என்றால் நல்ல அறிகுறி. அட்டையின் முன்னால் கொட்டை எழுத்தில் ‘தேன், குங்குமப்பூ’ என்று போட்டு, பின்னால் கடைசி வரியில் அது இருந்தால், கல்யாணச் சாப்பாட்டில் நெய் ஊற்றிய கதைதான். சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு!

விலையையும் கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 50 கிராம் 300 ரூபாய் என்றால் கிராம் 6 ரூபாய். 100 கிராம் 250 ரூபாய் என்றால் இரண்டரை. பின்னால் இருக்கிற பட்டியல் ஏறக்குறைய ஒன்று என்றால், மீதி மூன்றரை ரூபாய் டப்பாவின் அழகுக்கு!

புதுச் சரக்கைச் சின்ன அளவில் வாங்குங்கள். ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற யோசனையைப் பரப்பியவர் பக்கத்துக் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அந்த ஊர் யோசனை இதற்கும் உதவும். வாங்கியதை முதலில் முழங்கை மடிப்பின் உள்பக்கம், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் பூசிப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்கு ப்ரமோஷன் கொடுக்கலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சையில் தன்வந்திரி மஹால் வைத்து, மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, குணம் கண்டதைக் குறித்து வைக்கச் சொன்னார். அவர் 1832-ல் காலமானார். சோதித்துப் பார்க்கிற பழக்கம் அதற்கு முன்பே இந்த ஊரில் இருந்திருக்கிறது. நாம்தான் ரீல்ஸைப் பார்த்துவிட்டு நேரே முகத்தில் பூசுகிறோம்!

வெள்ளையில் ஒளிந்திருக்கும் வில்லன்

இனிமேல் சொல்வது சிரிக்கிற விஷயமில்லை.

என் உறவில் ஒரு பெண். கல்லூரி மாணவி. கன்னத்தில் வறட்சி, லேசாகச் செதில். ஒரு லோஷனில் முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். ‘அடுத்த வருஷம் வரன் பார்க்கணுமே’ என்று வீட்டுக்கு வந்த ஒருத்தர் சிபாரிசு செய்ய, கடையில் சீட்டில்லாமல் ஒரு ட்யூப் வாங்கினார்கள். பத்து நாளில் முகம் வெளுத்தது. வீடே பூரித்தது. மூன்று மாதம் கழித்துக் கன்னம் சிவந்தது, பருக்கள் கிளம்பின, பூனை முடி வளர்ந்தது, வாசலில் கோலம் போடுகிற காலை வெயிலே எரிந்தது. பூசுவதை நிறுத்தினால் இன்னும் அதிகம். அந்த ட்யூப்பில் இருந்தது ஸ்டீராய்டு.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் - இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தோல் நோய்க்கு டாக்டர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்து. அழகு க்ரீமாகப் பூசினால் தோலையே மெலிய வைத்துவிடும், வரப்பை வெட்டி எறிகிற மாதிரி. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ‘ஹெச்’ அட்டவணையில் கொண்டு வந்தது. ஆகவே சீட்டு கேட்காத கடை உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை.

லேபிளே இல்லாத டப்பா அதைவிட மோசம். 2023-ல் கேரளாவின் கோட்டக்கல்லில், சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, பொதுவாக வெளிவந்த விஷயம் வெள்ளையாக்கும் க்ரீம். அந்த மாதிரி க்ரீம்களில் பாதரசம் கலப்பது உண்டு. தயாரிப்பாளர் விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத எதையும் முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருக்கிறவர்கள், பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். தோல் டாக்டரிடம் ட்யூப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெண்ணும் டாக்டரிடம்தான் தேறி வருகிறாள். இப்போது அவள் பூசுவது, வாசனை இல்லாத, பெயரும் புகழும் இல்லாத ஒரு சாதாரண லோஷன்.

‘‘ரெண்டு மாசமா பூசுறா, கலர் ஒண்ணும் வரலியேப்பா?’’ என்கிறாள் அத்தை.

வராது அத்தை. வரப்பைக் கட்டினால் தண்ணீர் நிற்கும், பயிர் செழிக்கும். அதற்காகப் பொன்னி நட்ட வயலில் பாஸ்மதி விளையுமா? விளையவும் வேண்டாம். நமக்குப் பொன்னிதான் ருசி!