ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீத்! தெரியுமா உங்களுக்கு?

கற்பிட்டிக் குடாநாட்டில் பள்ளிவாசல்துறை. பேரிலேயே பள்ளிவாசலும் இருக்கிறது, துறையும் இருக்கிறது! துறை என்றால் எதுவோ வந்து இறங்கத்தானே வேண்டும்? மீன் இறங்கியது. சரக்கு இறங்கியது. ஆனால் காற்றில் ஏறி, தோணியே இல்லாமல் வந்து இறங்கிய ஒன்றும் உண்டு. அது என்ன தெரியுமா?

சிரிப்பு!

வலை பொத்துகிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகவே பக்கத்தில் ஒரு ட்ரான்சிஸ்டர். எழுபதுகளில் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்து நாலு பேர் சண்டை போட்டால் கரையே சிரித்தது! யார் அந்த நாலு பேர்? வாருங்கள், அங்கிருந்தே தொடங்குவோம்!

மரிக்கார் யார் தெரியுமா?

இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' நாடகத்தில் நாலு பாத்திரங்கள். முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்கார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. சிங்களம் கலந்து தமிழை உடைத்துப் பேசும் உபாலி. அக்கிரகாரத் தமிழ் பேசும் ஐயர். மரிக்காராகப் பேசியவர் முஸ்லிம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! அவர் எஸ். ராமதாஸ்! சிங்கள உபாலி யார்? எஸ். செல்வசேகரன் என்ற தமிழர்! ஐயர்? அதுதான் உச்சம்! அவர் பி. எச். அப்துல் ஹமீத்!

வேஷமே பேராக ஒட்டிக்கொண்டது தெரியுமா?

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் வைத்த பேர் போதவில்லை! 'மரிக்கார்' ராமதாஸ், 'உபாலி' செல்வசேகரன், 'அப்புக்குட்டி' ராஜகோபால் என்றே ஊர் கூப்பிட்டது. காதால் கேட்டவர்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டாமா? 1976இல் 'கோமாளிகள்' திரைப்படமாகவே வந்துவிட்டது! ஒரு வானொலி நாடகம் வெள்ளித்திரைக்கு நடந்து போன கதை இது!

கமல் யாரிடம் யாழ்ப்பாணத் தமிழ் கற்றார் தெரியுமா?

2000ஆம் ஆண்டு 'தெனாலி' வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எதைக் கண்டாலும் பயந்து நடுங்கும் இலங்கைத் தமிழர் வேஷம் கமல்ஹாசனுக்கு. அந்தப் பேச்சுநடையைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? அதே அப்துல் ஹமீத்! ஐயர் தமிழும் வரும், யாழ்ப்பாணத் தமிழும் வரும், அறிவிப்பாளரின் செந்தமிழும் வரும். ஒரு நாக்கு, எத்தனை ஊர்!

இலங்கையில் முதல் படம் யாருக்குக் காட்டப்பட்டது தெரியுமா?

இனி கொஞ்சம் பின்னால் போவோம். 1901. படம் பார்த்தவர் யார்? பிரிட்டிஷ் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வே! சனங்களுக்கு அல்ல, அது ஒரு தனிக் காட்சி! சினிமா இந்தத் தீவில் கால் வைத்ததே ஆளுகிறவர் கண் முன்னால்தான்!

சொந்த ஊர் பார்க்காத முதல் படம் எது தெரியுமா?

1925இல் 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப் படம் தயாரானது. தயாரித்தவர் டி. ஏ. ஜே. நூர்பாய். இந்தியாவில் ஓடியது. சிங்கப்பூரில் ஓடியது. இலங்கையில்? ஓடவே இல்லை! ஊருக்கு வந்து சேருமுன் படச்சுருள் தீக்கு இரையாகிவிட்டது! முதல் பிள்ளையின் முகத்தைத் தாயே பார்க்கவில்லை! இந்தத் தீயைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

சாப்ளின் கண்டிக்கு வந்தது தெரியுமா?

ஆமாம், அதே சார்லி சாப்ளின்தான்! 1932இல், உலகப் பயணத்தின் நடுவே, அண்ணன் சிட்னியோடு கப்பலில் கொழும்பில் வந்து இறங்கினார், கண்டிக்கும் போனார். உலகையே சிரிக்க வைத்த மனிதர் நம் மலைநாட்டுக் காற்றைச் சுவாசித்துவிட்டுப் போயிருக்கிறார்!

முதல் சிங்களப் பேசும் படம் எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா?

கொழும்பா? கண்டியா? இரண்டும் இல்லை. மதுரை! நம்ப முடிகிறதா? 'கடவுனு பொறொந்துவ', அதாவது உடைந்த வாக்குறுதி. 1947 ஜனவரி 21இல் வெளியானது. தயாரிப்பாளர் எஸ். எம். நாயகம், தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சின்ஹா, வங்காளி. எடுத்த இடம் மதுரை சித்ரகலா மூவிடோன். பேசியது மட்டும் சிங்களம்! சிங்களம் திரையில் பேசிய நாளில் இருந்து நாடு சுதந்திரம் அடைந்த நாள் வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 379 நாட்கள்!

அந்தப் படத்தின் சிரிப்புக்காரர் யார் தெரியுமா?

எடி ஜயமான்ன! இவர் நம் கரைக்காரர் என்றே சொல்லலாம். புத்தளம், சிலாபம், மாரவில என்று கடலோரமாகத் தெற்கே போனால் வருமே நீர்கொழும்பு, அங்கே இருந்து கிளம்பிய மினர்வா நாடகக் குழுவின் ஆள். கதை அண்ணன் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவினுடையது, மேடையில் ஓடிய நாடகம் அப்படியே படமானது. கதாநாயகி ருக்மணி தேவி. அவர் யார்? எடியின் மனைவியேதான்!

ருக்மணி தேவியின் உண்மைப் பேர் தெரியுமா?

டெய்சி ராசம்மா டேனியல்! றம்பொடையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்! 1938இல், பதின்ம வயதில், அவர் குரலில் இசைத்தட்டு வந்தது. எதைப் பற்றிய பாட்டு? புத்தகயா விகாரையைப் பற்றி! தமிழ்க் கிறிஸ்தவப் பெண், சிங்களத்தில், புத்தரின் தலத்தைப் பாடினாள், தீவே தலையாட்டியது!

வெசாக் குரல் சேலத்தில் பிறந்தது தெரியுமா?

வெசாக் வந்தால் பந்தலுக்குப் பந்தல் ஒலிக்கிற பக்திப் பாடல்கள். அந்தக் கம்பீரக் குரல் முகைதீன் பேக் என்ற முஸ்லிமுடையது! பிறந்தது தமிழ்நாட்டுச் சேலம். 1947இல் வந்த இரண்டாவது சிங்களப் படம் 'அசோகமாலா'விலும் இவர் பாட்டு உண்டு. அதற்கு இசை யார்? முகம்மது கௌஸ்!

ஒரு நகைச்சுவை நடிகரின் வழக்கு லண்டன் வரை போனது தெரியுமா?

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்! லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் அவருக்கும் எம். கே. தியாகராஜ பாகவதருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு எங்கே போனது? கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு! அங்கிருந்து திரும்பி வந்த வழக்கில் இருவரும் விடுதலை. எப்போது? 1947 ஏப்ரல்! இந்தியாவுக்கு விடுதலை ஆகஸ்டில், கலைவாணருக்கு ஏப்ரலிலேயே!

அண்ணாவின் கடைசிப் பொது நிகழ்ச்சி எது தெரியுமா?

1969 ஜனவரி 14. சென்னை தியாகராய நகர். நோயோடு வந்து அண்ணா ஒரு சிலையைத் திறந்தார். மன்னர் சிலையா? தலைவர் சிலையா? கலைவாணர் சிலை! அடுத்த 20ஆம் நாள் அண்ணாவே இல்லை. ஒரு முதலமைச்சரின் கடைசி மாலை ஒரு சிரிப்பு நடிகருக்கு!

சந்திரபாபு கொழும்பில் படித்தவர் தெரியுமா?

நம் கடலுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி. அங்கே 1927இல் பிறந்தவர் சிரிப்பு நடிகர் ஜே. பி. சந்திரபாபு. அப்பா ரொட்ரிகஸ் சுதந்திரப் போராட்டக்காரர். சத்தியாக்கிரகத்தில் இறங்கினார், சிறை போனார். பிறகு குடும்பமே இலங்கைக்கு வந்தது! பாபு படித்து வளர்ந்தது கொழும்பில். ஆடிக்கொண்டே பாடுவார், பாடிக்கொண்டே குரலை உடைத்து 'யூடலிங்' செய்வார். படம் இயக்கினாரா? இயக்கினார்! 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்'!

முல்லா கதை ஒரு நாட்டின் நாடகத்தையே எழுப்பியது தெரியுமா?

முல்லா நசிருத்தீன் கதை கேட்டு வளராத பிள்ளை நம் ஊரில் உண்டா? அதே முல்லாவுக்கு அல்ஜீரியாவில் பேர் ஜுஹா. 1830இல் பிரான்ஸ் பிடித்த நாடு அது, 1962இல்தான் விட்டது. 132 வருஷம்! அந்த அடிமைக் காலத்தில், 1926இல், அல்லாலு என்ற கலைஞர் 'ஜுஹா'வை மேடை ஏற்றினார். ஏட்டு அரபியில் அல்ல, தெருவில் பேசுகிற அரபியில்! கூட்டம் அலைமோதியது! துரை மொழி தெரியாதவனும் வயிறு குலுங்கச் சிரித்தான்!

சிரிப்புப் படம் எடுத்தவர் உலகின் பெரிய விருதை வென்றார் தெரியுமா?

1968இல் அல்ஜீரியாவில் 'ஹசன் தெர்ரோ' வந்தது. நடித்தவர் ருயிஷெத். கதை? பயந்தாங்கொள்ளி ஒருவனைப் பெரிய போராளி என்று பிரெஞ்சுக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள்! விடுதலைப் போர் முடிந்து ஆறே வருஷத்தில் அந்தப் போரை வைத்தே சிரித்தார்கள்! இயக்குநர் முகம்மது லக்தர் ஹமீனா 1975இல் வேறொரு படத்துக்கு கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கினார். ஆப்பிரிக்காவுக்கே அதுதான் முதல் தடவை! அவர் மறைந்தது 2025 மே 23. அதே நாளில் அதே கான் விழாவில் அந்தப் படம் மறுபடி திரையிடப்பட்டது!

ஆப்பிரிக்கா நம் பக்கத்து ஊரில் இருப்பது தெரியுமா?

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடி. காப்பிரி என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அங்கே இருக்கிறார்கள். போர்த்துக்கீசக் கலப்பு மொழியில் 'மன்ஜா' பாடுவார்கள். கையில் கிடைத்ததெல்லாம் தாளம்! போர்த்துக்கீசர் விட்டுப்போன தாளம்தான் பைலா. அந்தப் பைலாவைத் தமிழுக்கு இழுத்து வந்து 'சுராங்கனி' பாடியவர் ஏ. இ. மனோகரன். 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்திலும் நடித்தார். அது எங்கே எடுக்கப்பட்டது? நமக்கு வடக்கே, மன்னார் பேசாலைக் கரையில்!

இலங்கையின் முதல் தமிழ்ப் படத்தை இயக்கியவர் யார் தெரியுமா?

'சமுதாயம்', 1962. இயக்குநர் ஹென்றி சந்திரவன்ச. சிங்களவர்! இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் தமிழர். முதல் தமிழ்ப் படத்தை இயக்கியவர் சிங்களவர்! பாடப் புத்தகத்தில் இதை யாராவது சொன்னார்களா?

ஹாம்லெட் இலங்கைத் தமிழ் பேசியது தெரியுமா?

ஷேக்ஸ்பியரை வெள்ளைக்காரன் நமக்குப் பாடமாக வைத்தான். நம் ஆள் படமாகவே எடுத்துவிட்டான்! 1966இல் வந்த 'கடமையின் எல்லை', ஹாம்லெட்டின் தமிழ் வடிவம்!

பஸ்ஸே இல்லாமல் பஸ் ஓட்டியவர் தெரியுமா?

மேடையில் பஸ் இல்லை, சாரதி இல்லை, பயணிகள் இல்லை. ஒரே ஒரு கொண்டக்டர்! கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்'! தனி ஒரு ஆள் வாயாலேயே பஸ் நிறைய சனத்தை ஏற்றி, இடித்து, நெரித்து, இறக்கியும் விடுவார்! யாழ்ப்பாணத்தில் ஏறிய சனம் கனடா வரை அவரோடு சிரித்துக்கொண்டே போனது!

சிரிக்க வைத்தவர் பின்னாளில் அழ வைத்தது தெரியுமா?

ஜோ அபேவிக்ரம! ஆரம்பத்தில் சிங்களப் படங்களின் சிரிப்பு நடிகர். பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர'வில் கண் தெரியாத தகப்பன் ஆனார். முத்திரை வைத்த பெட்டியில் இராணுவ மகன் வருகிறான். மகன் செத்தான் என்பதை நம்ப மறுக்கிறார் அப்பா. 1999இல் சிங்கப்பூர் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது! இலங்கையிலோ படத்துக்குத் தடை! 2001இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் திரை விலகியது!

'மழை!' என்றதும் மழை பெய்தது தெரியுமா?

மட்டக்களப்பு அமிர்தகழிப் பையன் ஒருவன் பள்ளிச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பு. இயக்குநர் 'மழை!' என்று கத்தினார். கொட்டியது மழை! வானத்துக்கே கட்டளை போடுகிற வேலையா இது என்று பையன் வாய் பிளந்தான். அவர்தான் பாலு மகேந்திரா! தாமே சொன்ன கதை இது. கண்ணீர்ப் படங்களுக்குப் பேர் போனவர், 1995இல் 'சதி லீலாவதி' எடுத்து வயிற்றைப் புண்ணாக்கினார்!

இத்தனை படச்சுருளும் எங்கே போயின தெரியுமா?

அந்தத் தீ திரும்பி வரும் என்றேனே. 1983 ஜூலைக் கலவரம். கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ ஹெந்தளையில் எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்கள் இயக்கிய தமிழர் கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். அல்ஜீரியாவில் மட்டும் என்ன? சனத்தின் மொழியில் நாடகம் போட்ட அப்துல்காதிர் அல்லூலாவை 1994இல் ஓரானில் சுட்டார்கள். இந்த இடத்தில் ஆச்சரியக்குறி போட மனம் வரவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் போட்டுக்கொண்டு சிரித்தவர்கள் இவர்கள். படச்சுருள் எரியும், காதில் விழுந்த குரல் எரியாது. பள்ளிவாசல்துறையில், புத்தளத்தில், உங்கள் வீட்டிலேயே, மரிக்காரையும் உபாலியையும் ட்ரான்சிஸ்டரில் கேட்ட ஒரு வாப்பா, ஒரு உம்மா, ஒரு மூத்த காக்கா இன்னும் இருப்பார். இன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்காருங்கள். "மரிக்கார் எப்படிப் பேசுவார்?" என்று கேளுங்கள். அவர் பேசிக் காட்டத் தொடங்கும்போது கைபேசியில் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்துவிடாதீர்கள்!