கரும்பலகையை விட்டு வயலுக்கு வந்த வாத்தியார்

"நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீக நிலம் கொஞ்சம் இருக்கிறது. இந்த வயதில் விவசாயம் எனக்குச் சரிப்பட்டு வருமா? பிள்ளைகள், 'பென்ஷன் பணத்தை மண்ணில் கொட்டாதீங்க' என்கிறார்கள்."

கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் கவலை இது. இதற்குப் பதிலாக, ஒரு வாத்தியாரின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம். அவர் பெயர் பாஸ்கர் சாவே. 'இயற்கை வேளாண்மையின் காந்தி' என்று நாடு முழுக்க விவசாயிகள் அன்போடு அழைத்த மனிதர். 2015 அக்டோபர் 24-ம் தேதி, தன் 93-வது வயதில் மறைந்தார்.

குஜராத்தின் தென்கோடியில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டி வல்சாட் மாவட்டம் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் உள்ள தேஹ்ரி என்ற சிற்றூரில் 1922 ஜனவரி 27-ம் தேதி பிறந்தார் சாவே. நெல்லும் பயறும் காய்கறியும் விளைவித்த குடும்பம். ஏழாம் வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, சுமார் பத்து ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் வயல்தான்.

கணக்கு வாத்தியாருக்கு உதைத்த கணக்கு

இவர் தொடக்கத்திலேயே இயற்கை விவசாயி என்று நினைத்துவிட வேண்டாம். ரசாயன உரம் ஊருக்குள் வந்தபோது, அந்த வட்டாரத்தில் முதலில் கையில் எடுத்தவர்களில் இவரும் ஒருவர். விளைச்சல் கூடியது. 'மாதிரி விவசாயி' என்று பெயர் வந்தது. உரம் விற்கும் ஏஜென்சியும் கிடைத்தது. அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு அவரே சிபாரிசு செய்து உரம் விற்றார்.

ஆனால், வரவு செலவை எழுதி வைக்கும் பழக்கம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அதே விளைச்சலை எடுக்க, வருடத்துக்கு வருடம் கூடுதலாக உரம் போட வேண்டியிருந்தது. மூட்டை எண்ணிக்கை கூடியது. கையில் மிஞ்சுவது கூடவில்லை. அதே நேரத்தில், எதுவும் வாங்கிப் போடாத பழங்குடி விவசாயிகளின் நிலங்கள் கண்ணெதிரே பச்சையாக நின்றன. காந்தியின் எழுத்துகளும் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

உரத்தை நிறுத்தினார். விளைச்சல் குறைந்தது. ஆனால், செலவு அதைவிட வேகமாகக் குறைந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், குடும்பத்துக்கு நின்ற பணம் குறையவில்லை. தான் விற்ற பொருளையே 'வேண்டாம்' என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். தன் தவறைத் தானே சிவப்பு மையால் திருத்திய வாத்தியார் அவர்.

14 ஏக்கர் பள்ளிக்கூடம்

அவருடைய பண்ணையின் பெயர் 'கல்பவிருட்சம்'. சுமார் 14 ஏக்கர். அதில் 10 ஏக்கர் அளவுக்குத் தென்னையும் சப்போட்டாவும் கலந்த தோப்பு. மீதியில் நெல், பயறு போன்ற பருவப் பயிர்களும் தென்னை நாற்றங்காலும். தென்னையில் சில மரங்கள் வருடத்துக்கு 400 காய்களுக்கு மேல் தருவதாக அவர் கணக்குச் சொல்வார். நம் தோப்பில் என்ன காய்க்கிறது என்று நினைத்துப் பார்த்தால், அதன் அருமை புரியும்.

உழவு, உரம், களை, பாசனம், பயிர்ப் பாதுகாப்பு. இந்த ஐந்தும்தான் எந்த விவசாயிக்கும் செலவு வைப்பவை. ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது உண்மையிலேயே தேவையா, எந்த அளவுக்குத் தேவை?' என்று கேட்பதுதான் சாவேயின் பாடம்.

மண்புழு உழுதால் கலப்பை எதற்கு? விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்கினால் மூட்டை எதற்கு? மரங்களின் நிழல் மூடிவிட்டால் களை தானாக அடங்கும். அதுவரை அது மண்ணுக்குப் போர்வை.

தோப்பு வைக்கும்போது மூன்று வயதுள்ள செடிகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். சில மாதங்களில் பலன் தரும் பயறு, காய்கறி. சில வருடங்கள் நிற்கும் வாழை, பப்பாளி. காலத்துக்கும் நிற்கும் தென்னை, சப்போட்டா. குறுகிய காலப் பயிர்கள் அடுப்பெரிய வைக்கும். மண்ணுக்கும் நிழல் தரும். அதற்குள் மரங்கள் வளர்ந்து தோப்பைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும்.

பாசனத்தில் அவருடைய முறை இன்னும் எளிது. மரங்கள் மேட்டில் நிற்கும். வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் போல் பள்ளம் ஓடும். தண்ணீர் பள்ளத்தில் மட்டும்தான். அடிமரத்தில் தண்ணீர் தேங்காது. ஈரத்தைத் தேடி வேர் பக்கவாட்டில் பரவும். மரம் வளர வளர, பள்ளத்தையும் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அதே பள்ளம் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும்.

குடும்பமே பண்ணை

ஜப்பானின் இயற்கை விவசாயி மசனோபு ஃபுகோகா இந்தப் பண்ணைக்கு வந்து பார்த்து, தன் பண்ணையைவிட மேலானது என்று பாராட்டிச் சென்றார். 2010-ல், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு வாழ்நாள் சாதனைக்கான 'ஒரே உலகம்' விருதை அளித்தது. தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக எம்.எஸ்.சுவாமிநாதன் இருந்தபோது, 2006-ல் அவருக்கு வெளிப்படையான கடிதம் எழுதினார் சாவே. விவசாயிகளின் கடனுக்கும் தற்கொலைக்கும் பசுமைப் புரட்சியின் கொள்கைகளே காரணம் என்று நேருக்கு நேர் சொன்ன கடிதம் அது. அப்போது அவருக்கு வயது 84.

இத்தனைக்கும் அவர் பெரிய மேடைகளைத் தேடிப் போனவர் அல்ல. மனைவி மாலதிபென், பிள்ளைகள் என்று வீடே பண்ணையோடு சேர்ந்து வாழ்ந்தது. சனிக்கிழமை மதியம் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்களை மரத்தடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். பள்ளியை விட்டாலும், சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. அவர் போன பிறகும் குடும்பத்தார் அந்தத் தோப்பைக் காப்பாற்றி வருகிறார்கள். பிள்ளைகள் விட்டுவிட்டு ஓடாத விவசாயம் என்பதே ஒரு தகப்பனுக்குப் பெரிய மதிப்பெண்தானே?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயாக்களே, அம்மாக்களே! சாவேயைப் படித்துவிட்டு நாளைக்கே முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். உங்கள் மண் வேறு, மழை வேறு. பென்ஷன் பணத்தை ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். பத்து சென்ட் ஒதுக்குங்கள். ஒரு பழைய நோட்டை எடுத்து, அந்தப் பத்து சென்ட்டின் வரவையும் செலவையும் ஒரு வருடம் எழுதுங்கள். எந்தச் செலவை நிறுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆண்டுக் கடைசியில் அந்த நோட்டைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

பிறகு பேச வேண்டியது நீங்கள் அல்ல, நோட்டே பேசும்.