சொல் பிறந்த கதை – 9: புல்லணையும் விறகுப் படுக்கையும்

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள். ஆனாலும் சேதுக்கரைக்கு நீராட வருகிற கூட்டம் விடாமல் கேட்டு வந்து பார்ப்பது தர்ப்பசயன ராமரைத்தான். இலங்கைக்கு வழி விடச் சொல்லிக் கடலரசனை வேண்டி, தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடக்கும் ராமர். வால்மீகி மூன்று இரவு என்கிறார். கம்பர் அதை ஏழு நாளாக்கினார்.

பொறுமைக்கு இதை உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. படுத்துக் கிடந்த வரைக்கும் வருணன் வரவே இல்லையே! எழுந்து வில்லை வளைத்த பிறகல்லவா ஓடி வந்தான்?

சீனாவிலும் ஓர் அரசன் இப்படிப் படுத்துக் கிடந்தான். யுவே நாட்டு கோஜியன். கி.மு. 494-ல் வூ நாட்டு மன்னன் ஃபூச்சாயிடம் தோற்று, அவனிடமே அடிமை வேலை செய்து, பிறகு ஊர் திரும்பியவன். உட்காரும் இடத்தில் ஒரு பித்தப்பையைத் தொங்கவிட்டான். சாப்பிடுமுன் அதை நக்கிப் பார்ப்பான். பட்ட அவமானம் மறந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொள்வான். தானே ஏர் பிடித்தான். மனைவி தறியில் உட்கார்ந்தாள். இருபது வருஷம் கழித்து, கி.மு. 473-ல், வூ நாடே இல்லாமல் போயிற்று. அவன் பெயர் பொறித்த வெண்கல வாள் 1965-ல் ஹுபெய் மாகாணத்தில் ஒரு கல்லறையில் கிடைத்தது. கூர் மழுங்காமல் இருந்ததாம்.

இதிலிருந்து வந்த நான்கெழுத்து மரபுத்தொடர் ‘வோ ஷின் சாங் தான்’: விறகின் மேல் படுத்து, பித்தத்தைச் சுவைப்பது. இன்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் தோற்றுப்போன விளையாட்டு அணிக்கும் இதைத்தான் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோஜியனின் கதையை எழுதிய பழைய வரலாற்றாசிரியர் சீமா சியென் பித்தத்தை மட்டும்தான் சொல்கிறார். விறகு அவரிடம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, சோங் காலக் கவிஞர் சூ ஷி (1037–1101) கற்பனையாக எழுதிய ஒரு கடிதத்தில்தான் விறகும் பித்தமும் ஒன்றாக வருகின்றன. அதுவும் வேறொரு அரசனைப் பற்றி! கோஜியன் அந்த விறகில் படுத்தது அதற்கும் பிறகு.

நம் கரையிலும் இதே கதைதான். நளன் அணை கட்டிய கணக்கை வால்மீகி பொதுப்பணித் துறைப் பதிவேடு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்: முதல் நாள் 14 யோசனை, அப்புறம் 20, 21, 22, 23. ஐந்தே நாளில் நூறு. அந்தப் பதிவேட்டில் அணில் கிடையாது. கம்பரிடமும் கிடையாது. தண்ணீரில் நனைந்து, மணலில் புரண்டு, கடலை அடைக்க ஓடிய அணில்களைத் திருமாலையில் பாடியவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். ராமர் முதுகில் தடவிய மூன்று கோடு அவர் பாட்டில்கூட இல்லை. அது ஜனங்கள் போட்ட கோடு. கோயில் திருப்பணிக்கு நூறு ரூபாய் எழுதுகிறவர், “ஏதோ ராமருக்கு அணில் மாதிரி” என்று சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறார். நளனின் நூறு யோசனையை யார் நினைக்கிறார்கள்? கையால் தொட்டுப் பார்க்க முடிகிற விறகும் அணிலும் நாக்கில் நின்றுவிட்டன.

கடலைத் தூர்க்கப் போன பிராணி சீனாவிலும் உண்டு. ஜிங்வெய் என்ற பறவை. யான் பேரரசனின் மகள் கிழக்குக் கடலில் மூழ்கி இறந்து பறவையானாள். மேற்கு மலையிலிருந்து குச்சியும் கல்லும் கொத்தி வந்து அந்தக் கடலில் போடுகிறாள். ‘மலைகள் கடல்கள் நூல்’ சொல்லும் கதை இது. விடாமுயற்சிக்கும் சொல்வார்கள், ஆறாத பகைக்கும் சொல்வார்கள். நம் அணிலுக்குப் பக்கத்தில் ஒரு வானர சேனை இருந்தது, ஐந்து நாளில் வேலை முடிந்தது, தடவிக் கொடுக்க ஒரு கை இருந்தது. ஜிங்வெய்க்கு இவை எதுவும் கிடையாது. கடலும் தூரவில்லை. துணிச்சல் என்று பார்த்தால் என் ஓட்டு அந்தப் பறவைக்குத்தான். திருப்புல்லாணிக்காரர்கள் கோபிக்கக் கூடாது.

அடுத்த வாரம்: வீட்டுக்கு முன்னால் நின்ற மலைகளை வெட்டி அகற்றக் கிளம்பிய கிழவரும், 1945-ல் அவரைத் தன் பேச்சுக்குள் இழுத்துக்கொண்ட மாவோவும்.

(தொடரும்)