1033 பேர் போட்டியிட்ட மொடக்குறிச்சி

ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியை நாடறியச் செய்தது 1996 தேர்தல். தங்கள் கோரிக்கைகளை ஆட்சியாளர்கள் கண்டுகொள்ளவில்லை என்று கொதித்த விவசாயிகள் சாலை மறியலோ உண்ணாவிரதமோ நடத்தவில்லை. கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1033 பேர். அத்தனை பெயர்களும் ஒரு தாளில் அடங்காததால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தமக்கே வாக்களித்துக்கொள்ளாத வேட்பாளர்கள் அவர்கள்!

வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 1977-ல் இதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்றவரும் அவர்தான்.

1996-லேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ஆனது; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சுயேச்சைகளை முன்மொழியப் பத்து வாக்காளர்கள் தேவை என்றும் விதிக்கப்பட்டது. விளையாட்டாக நிற்பவர்களைத் தடுத்த இந்த ஏற்பாடு, எதிர்ப்பைக் காட்ட நினைக்கும் ஏழைகளின் வழியையும் சேர்த்தே அடைத்தது.

2021-ல் சுப்புலட்சுமி மீண்டும் இங்கே நின்றார். பா.ஜ.க.வின் சி. சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார்.