எருமை குறைந்தால் மொழியும் குறையும்

பேசுவோர் குறைந்தால் மொழி அழியும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நீலகிரியில் நடந்தது அப்படியல்ல. 1901-இல் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் இங்கு வந்தபோது தோடர் பழங்குடியினர் சுமார் 800 பேர்தான். இன்று அதைவிடக் கூடுதல். ஆனாலும் அவர்களின் தோடா, அண்டையிலுள்ள கோத்தர்களின் கோத்தா இரண்டையும் மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கும் மொழிகள் என்கிறது யுனெஸ்கோ. ஆள் கூடியும் மொழி ஏன் நலிகிறது?

அந்த நாளில் இந்த மலையில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தொழில். தோடர்கள் நெய் தந்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தார்கள், சாவுக்கு இசைக்கருவி வாசித்தார்கள். படுகர்கள் தானியம் அளந்தார்கள், குறும்பர்கள் தேன் கொண்டுவந்தார்கள். அடுத்தவர் மொழியும் ஓரளவு தெரியும். வீட்டிலும் தொழிலிலும் சடங்கிலும் தத்தம் மொழிதான். இன்னொரு மொழி தெரிவதால் தாய்மொழி சாவதில்லை. அதற்கு வேலை இல்லாமல் போவதுதான் ஆபத்து.

தோடர்களின் குடியிருப்பான மந்துக்குப் போனால் இது விளங்கும். அங்கே பால்மனைதான் கோயில். எருமைகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு; வேண்டுதலில் மட்டும் சொல்கிற புனிதப் பெயர்கள் வேறு. சாவிலும் விழாவிலும், இணை இணையாக வரும் தொடர்களைக் கோத்து, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். 1930-களில் எமனோ என்ற அறிஞர் எழுதிக்கொண்ட அந்தப் பாடல்கள் 1971-இல் பெரிய நூலாக வந்தன. ஆனால் புல்வெளிகளில் சீகை மரமும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் நட்டார்கள். மேய்ச்சல் சுருங்கி எருமை குறைந்தது. எருமை இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பெயர்களை எப்போது சொல்லும்? அன்றாடப் பேச்சு நீடிக்கும்போதே மொழியின் இந்தப் பகுதி உதிர்ந்துவிடுகிறது.

மிச்சத்தைப் பள்ளியும் சந்தையும் பார்த்துக்கொள்கின்றன. இங்கே நெருக்கும் பெரிய மொழிகளில் ஒன்று நம் தமிழ். ஆங்கிலத்தால் தமிழுக்கு வரும் ஆபத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 2011 கணக்கெடுப்பில் 1.3 லட்சம் பேர் தாய்மொழியாகச் சொன்ன படுக மொழியும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. பாட்டி பேசுவார், அம்மாவுக்குப் புரியும், பிள்ளை தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லும். ஒரு மொழி போக மூன்றே தலைமுறை போதும்.

இதைத் தடுக்க, மந்துகளையும் கோத்தர் ஊர்களையும் ஒட்டிய அங்கன்வாடிகளில் அந்தந்த மொழி பேசும் பெண்களையே அரசு வேலைக்கு வைக்க வேண்டும். நீலகிரியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, பிள்ளைகள் வகுப்பில் தங்கள் மொழியில் பேசினால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.