மதவாட்சி என்னும் கருத்து: சப்ரகமுவவை முன்வைத்து ஒரு குறிப்பு

மதவாட்சி என்ற சொல் அரசியல் விவாதங்களில் மிகத் தாராளமாகக் கையாளப்படுகின்றது. அரசு ஒரு மதத்துக்குச் சிறப்பிடம் அளிப்பதும், மதமே அரசதிகாரத்தின் ஊற்றாக அமைவதும் ஒன்றல்ல. முதலாம் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபசு இக்கருத்துக்குக் கிரேக்கச் சொல்லொன்றை ஆக்கியபோது, ஆணை இறைவனுடையது என்ற அமைப்பையே கருதினார். ஈரானின் 1979ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனை நெருங்குகின்றது.

இலங்கையில் இதன் சாயலை நாம் அரசிலன்றி நிலத்திலேயே காண்கின்றோம். இரத்தினபுரிச் சமன் தேவாலயத்துக்குரிய நிலங்களில் தெய்வமே நிலவுடைமையாளர். குடிகள் பயிரிடும் நிலத்துக்கு ஈடாகப் பூசைக்கும் பெரஹராவுக்கும் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். எனினும் தெய்வத்தின் பெயரால் நிருவாகம் நடத்தும் பஸ்நாயக்க நிலமே பூசகர் அல்லர், இல்லறத்தாரான பிரபு! 1832இல் இராசகாரியத்தை ஒழித்த ஆங்கிலேயர், கோயில் நிலங்களில் அதனைத் தொடரவிட்டனர். 1870ஆம் ஆண்டுச் சட்டமே சேவையைப் பணமாக மாற்ற வழிவகுத்தது. சிவனொளிபாதமலையின் வரலாறும் இதனையே உணர்த்தும். முதலாம் இராசசிங்கன் அதனைச் சைவரிடம் ஒப்படைத்தான் என்கிறது சூளவம்சம். பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் பௌத்த துறவியரிடம் மீள அளித்தான். குருவை மன்னனே நியமித்தான். மன்னனைக் குரு நியமிக்கவில்லை.

இவ்வுறவுகளுக்கு வெளியே நின்றவர் தோட்டத் தொழிலாளர். தேவாலய நிலத்தில் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை; அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்களும் பொதுவாகத் தோட்டத்துக்குச் சொந்தமான நிலத்திலேயே நின்றன. அவர்களை நாடற்றோராக்கியது எந்தச் சங்கபீடத்தின் ஆணையும் அன்று, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமே என்பது மனங்கொளத்தக்கது. அன்றைய சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, எம்மதத்தினருக்கும் இனத்தவருக்கும் தனிச்சலுகை வழங்குவதைத் தடைசெய்திருந்தது. கேகாலை மாவட்டத்து ருவன்வெலைத் தொகுதியின் வாக்காளர் பதிவு தொடர்பாக எழுந்த கொடக்கன்பிள்ளை வழக்கில், அப்பிரிவு மீறப்படவில்லை என 1953இல் கோமறைக் கழகம் தீர்த்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் ஏற்பாடு 1972இலேயே யாப்பில் புகுந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரை அதனைத் தொடர்கின்றது.

ஆகவே இலங்கை அரசை மதவாட்சி என்பதை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வாறு கூறுவோர், மதச்சார்பற்ற யாப்பின் கீழேயே முதலாளி வர்க்கப் பாராளுமன்றம் ஓர் உழைக்கும் கூட்டத்தின் வாக்கைப் பறித்ததைக் காணத் தவறுகின்றனர். அக்கூட்டத்தில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.