பேச்சு மொழியும் பாட மொழியும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்று ஆங்கிலவழிப் பொறியியல் கல்லூரியில் சேரும் மாணவர் முதற்பருவத் தேர்வில் பின்தங்கினால், அதை அறிவுக் குறைவாகக் கொள்வது பெரும் அநீதியாகும். கனடாவின் கல்வியறிஞர் ஜிம் கமின்ஸ், அன்றாட உரையாடலுக்குப் போதுமான மொழித்திறனையும், வரையறைகளையும் வாதங்களையும் படித்துணர்ந்து எழுதுவதற்கு வேண்டிய கல்விசார் மொழித்திறனையும் 1979-இல் வேறுபடுத்திக் காட்டினார். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த அவர், முன்னது ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைகூடினாலும் பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் தேவைப்படுகின்றன எனக் கண்டார்; பொறியியல் பட்டப்படிப்போ 4 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. விசை, முடுக்கம் போன்ற கருத்துகளைத் தமிழில் தெளிவாக அறிந்தவர்கூட, வினாவின் ஆங்கிலத்தைப் பிரித்தறிந்து, கலைச்சொற்களை நினைவுகூர்ந்து, விடையை வாக்கியமாக்குவதிலேயே தேர்வு நேரத்தின் பெரும்பகுதியை இழக்கிறார்.

எனினும், தாய்மொழியில் வேரூன்றிய கருத்தறிவு இரண்டாம் மொழிக்கும் துணைநிற்கும் என்பதும் கமின்ஸின் முடிவே. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது நல்ல முன்னெடுப்பு; ஆனால் வேலைவாய்ப்புக் கருதி ஆங்கிலவழியையே நாடும் தமிழ்வழி மாணவர்களுக்கு அது மட்டும் போதாது. ஆகவே, முதலாண்டிலேயே இருமொழிக் கலைச்சொல் கையேட்டையும், பாடத்தோடு இணைந்த எழுத்துப் பயிற்சியையும் ஒவ்வொரு கல்லூரியும் அவர்களுக்கு வழங்க வேண்டும்.